பேப்பர் கிடைச்சதோ?

பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையின் அலுவலக வாசல். காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் ஏறியிருந்தது. வாங்கில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். நான் ஸ்டெல்லா, என் கணவர் சுதன், பதினொரு வயது மிதுனா, ஆறு வயது தியா. மிதுனாவைத் தரம் ஆறில் சேர்க்க வேண்டும். ஒரேயொரு இடம்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஓர் இடத்துக்கு இன்னும் மூன்று குடும்பங்கள் அதே வாங்கில் எங்களை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

கிளார்க் மிஸ் எங்கள் ஃபைலைப் புரட்டினார். பிறப்புச் சான்றிதழ் சரி. தடுப்பூசி அட்டை சரி. விடுகைப் பத்திரத்தில் வந்து நின்றார். ஒரு பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தை விட்டு விலகும்போது அந்தப் பள்ளிக்கூடம் கொடுக்கும் காகிதம் அது. அது இல்லாமல் இந்த நாட்டில் அடுத்த பள்ளிக்கூடத்துப் படி ஏற முடியாது.

எங்களிடம் அது இருந்தது. தடித்த வழவழப்பான தாள். பூமிப்பந்தை ஒரு விமானம் சுற்றும் சின்னம். மேலே ‘வழிப்பயணப் பள்ளி’ என்று பெரிய எழுத்து. அதிபர் என்ற இடத்தில் சுதனின் கையெழுத்து, வகுப்பாசிரியை என்ற இடத்தில் என்னுடையது. இருவருக்கும் வீட்டு விலாசம் ஒன்றே என்பதைக் கிளார்க் மிஸ் கவனித்துவிட்டார்.

“இந்த ஸ்கூல் எங்க இருக்கு?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று பதினாறு மாதமாகக் காத்திருந்தவர் சுதன். நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஓரிடத்தில எண்டு இல்லை மிஸ். உலகம் முழுக்க.”

“எந்த வலயம்?”

இலங்கையில் எல்லாப் பள்ளிக்கூடங்களும் ஏதோ ஒரு கல்வி வலயத்துக்குள் அடங்கும். வெப்ப வலயம் என்று நான் சொல்லியிருக்கலாம், பெரும்பாலும் அங்கேதான் இருந்தோம். ஆனால் மிதுனா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நகம் பதியும் அளவுக்குப் பிடித்திருந்தாள். இந்த இடம் அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயை மூடிக்கொண்டேன்.

கிளார்க் மிஸ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உப அதிபரின் அறைக்குள் போனார். நாங்கள் காத்திருந்தோம். காத்திருக்கும் நேரத்தில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அதிபர் உருவான விதம்

பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு மறந்திருக்காது. சுதன் கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியில் காருக்குள் ஒன்றரை நாள் இருந்தார். அந்த ஒன்றரை நாளில் மற்ற மனிதர்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள், கடலை கொறித்தார்கள், சீட்டு விளையாடினார்கள். என் கணவர் ஃபோனில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வீடியோக்களைப் பார்த்தார். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு வான். வானின் கதவைத் திறந்தால் மலை. மலையடியில் பிள்ளைகள் பின்னம் படிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபோது காரில் பெற்றோலும் தலையில் ஒரு திட்டமும் இருந்தன. அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. எந்த ஊரில் இருந்தும் செய்யலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாடு நாடாகப் போவோம், வழியிலேயே படிப்பிப்போம் என்றார். நாலு சுவருக்குள் கிடைப்பது கல்வியே இல்லை என்றும் சொன்னார். அவர் நாலு சுவருக்குள் படித்துத்தான் அந்த வேலைக்கு வந்தவர் என்பதை நான் நினைவூட்டவில்லை. எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. பழியை முழுதாக அவர்மேல் போட்டால் நான் எழுதும் இந்தத் தொடரின் வாசகிகளான நீங்கள் நம்பிவிடுவீர்கள், அது நியாயமில்லை.

அந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று மட்டும் நாங்கள் பார்க்கத் தவறிவிட்டோம். அவர்கள் வரைபடத்தில் விரலை வைத்த இடத்துக்குப் போனார்கள். எங்கள் பாஸ்போர்ட்டைக் கண்டு முகம் சுளிக்காத நாடுகள் சொற்பம். முகம் சுளித்துக்கொண்டே முப்பது நாள் தந்த நாடுகள் இன்னும் நாலு. எங்கள் உலகம் அவ்வளவுதான். ‘உலகம் முழுக்க’ என்று சுதன் கிளார்க் மிஸ்ஸிடம் சொன்னது அதைத்தான்.

பாங்கொக் என்றால் என்ன?

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்டவள். கொட்டாஞ்சேனையில் வெளிநாடு என்பது துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல். என் அப்பா அங்கே கிளார்க்காக இருந்தார். கப்பல் வரும், போகும், யாரும் அதைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள். வெள்ளவத்தையில் வெளிநாடு என்றால் போனவர் திரும்பி வராத இடம். திரும்பி வந்தால் சூட்கேஸ் நிறையச் சொக்கலேட்டோடு மூன்று கிழமை லீவில் வரவேண்டும்.

சுதனின் அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் அவருடைய ஃப்ளாட். நல்ல மனுஷி. எங்கள் திட்டத்தை முதலில் அவரிடம்தான் சொன்னோம். முதல் நிற்கும் இடம் பாங்கொக் என்றதும் எழுந்து போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஏஜென்ட் ஆர்?”

ஏஜென்ட் யாரும் இல்லை, சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போகிறோம் என்றேன். மச்சாள் தலையாட்டினார். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்கிறவர்கள் என்றார். இனி இதைப் பற்றி ஃபோனில் கதைக்கக் கூடாது என்றும் சொல்லி வைத்தார்.

வெள்ளவத்தையில் பாங்கொக் என்பது ஒரு நகரம் இல்லை. கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகும் வழியில் ஆட்கள் மாதக்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடக்கும் இடம். கோலாலம்பூரும் அப்படியே. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, ஒரு குடும்பம் பாங்கொக் போகிறது. பின்னம் படிப்பிக்கத்தான் போகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கொட்டாஞ்சேனையில் என் அக்கா அந்தளவுக்கு யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். அவர் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். நாங்கள் தொலைந்துபோனவர்கள் என்று அவள் அப்போதே முடிவுகட்டியிருக்க வேண்டும்.

வழிப்பயணப் பள்ளியின் நேரசூசி

காலை எட்டு மணிக்குக் கணிதம் என்று சுதன் நேரசூசியில் எழுதியிருந்தார். எட்டு மணிக்கு அவருக்கு ஆஃபிஸ் மீட்டிங். ஒன்பது மணிக்கு விஞ்ஞானம். ஒன்பது மணிக்கு மீட்டிங் இன்னும் முடிந்திருக்காது. அதிபர் இப்படி ஆண்டு முழுவதும் கூட்டத்திலேயே இருந்ததால் பள்ளிக்கூடம் உண்மையான பள்ளிக்கூடத்தைப் போலவே நடந்தது.

தமிழ் எனக்கு. ஒரு தென்னைமர நிழலில், கடலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் வேற்றுமை உருபு சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தது இருபது நிமிஷம். அதைப் படம் பிடித்து, வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி பிடித்து, நாலு வரி எழுதி இன்டர்நெட்டில் போட ஒரு மணித்தியாலம். மிதுனா புத்தகத்தோடு சிரிக்கும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தியாவை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டச் சொன்னதால் வந்த சிரிப்பு அது.

நான் அந்த நாட்களில் நிறைய எழுதினேன். வீட்டில் படிப்பிக்கும் அம்மாக்களுக்குக் குறிப்புகள், பெட்டி அடுக்கும் முறை, வெளியூரில் தோசைமா புளிக்கவைக்கும் முறை. எல்லாவற்றையும்விட அதிகம் பேர் படித்தது ‘பயணத்தில் பிள்ளைகளின் வயிறு’ என்ற கட்டுரையை. மிதுனாவுக்கு அடிக்கடி வயிறு வலித்தது. ஒரு ஊருக்குப் போய் மூன்று கிழமை ஆனதும் தொடங்கும். விளையாடப் போகமாட்டாள், கட்டிலில் சுருண்டு படுப்பாள். ஊர் மாறினால் சுகமாகிவிடும். தண்ணீரைச் சந்தேகித்தேன், தேங்காய்ப்பாலைச் சந்தேகித்தேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். உள்ளூர்க் கிருமிகளுக்குப் பிள்ளையின் உடம்பு பழகுவதற்கு இருபது நாள் பிடிக்கிறது என்று என் சொந்த மூளையால் கண்டுபிடித்து அதையும் கட்டுரையில் சேர்த்தேன். நிறையத் தாய்மார் நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள்.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

பினாங்கில் இருந்தபோது எனக்குப் பயம் வந்தது. மிதுனாவின் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் கொழும்பில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் கிளாஸ், இரவு மொடல் பேப்பர். என் பிள்ளை நூலேணியில் தொங்கிக்கொண்டிருந்தாள். சுதனுக்குத் தெரியாமல் பழைய சிநேகிதி ஒருத்திக்கு எழுதி, கடந்த வருஷத்துப் பேப்பர்களைத் தபாலில் அனுப்பச் சொன்னேன். அவை வந்து சேர்ந்த அன்றே மச்சாளின் ஃபோனும் வந்தது. லைன் தெளிவில்லை.

“பேப்பர் கிடைச்சதோ?” என்று கேட்டார்.

சிநேகிதி மச்சாளிடம் சொல்லிவிட்டாள் போல என்று நினைத்தேன். “ஓம் மச்சாள், இண்டைக்குத்தான் கிடைச்சது. பெரியவளுக்கு மட்டும். சின்னவளுக்கு இன்னும் காலம் இருக்கெல்லோ.”

“அப்ப உங்கள் ரெண்டு பேருக்கும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “எங்களுக்கு என்னத்துக்கு? பிள்ளையோட சேர்ந்து நாங்களும் பாஸாகிடுவம்.”

மச்சாள் “பிள்ளையாரே” என்றார். பிறகு, ஒருவருக்கும் சொல்லமாட்டேன், நீரும் சொல்லாதேயும் என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டு வைத்தார். ஒரு பரீட்சைப் பேப்பருக்கு ஏன் இப்படிக் கண்ணீர் விடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளவத்தையில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையுள்ள வீட்டில் அது பரீட்சைத்தாள். வெளிநாட்டில் ஆள் உள்ள வீட்டில் அது அந்த நாட்டு அரசாங்கம், நீ இங்கேயே இருக்கலாம், உன்னை இனித் திருப்பி அனுப்பமாட்டோம் என்று கொடுக்கும் காகிதம். மச்சாளின் கணக்கில் எங்கள் பத்து வயதுப் பெண் ஏதோ ஒரு பெரிய நாட்டில் தஞ்சம் வாங்கிவிட்டாள். அவளைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் பின்னால் ஏறிவிடுவார்கள்.

அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தபோது ஐயருக்கு மட்டும் சொன்னார். ஒரு கிழமைக்குள் நான் பெயர் மறந்த சொந்தக்காரர்களெல்லாம் மிதுனாவின் கெட்டித்தனத்தைப் பாராட்டி மெசேஜ் போட்டார்கள். அங்கே இப்போது ஸ்னோவா என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கே வியர்த்துக் கொட்டுகிறது என்று பதில் போட்டேன். ஹீட்டரைக் குறைத்து வைக்கும்படி அறிவுரை வந்தது.

துக்கம் விசாரிப்பு

பதினாறு மாதத்தில் சுதனின் கொம்பனி, ஆட்கள் திரும்ப ஆஃபிஸுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டது. சுதந்திரப் பறவை மறுபேச்சில்லாமல் கூட்டுக்குத் திரும்பியது. வாடகைக்கு ஒரு ஃப்ளாட் பிடித்து, பெட்டிகளை இறக்கிய அன்று பின்னேரமே சனம் வரத் தொடங்கியது.

சாவீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்கள். பிஸ்கட் பெட்டியை மேசையில் சத்தமில்லாமல் வைத்தார்கள். ஒரு மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது நல்ல ஒரு லோயர் இருக்கிறார், மறுபடி பார்க்கலாம் என்றார். மச்சாள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து, எல்லாரும் போகும்வரை இருந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“எங்க வச்சுப் பிடிச்சவங்கள்?”

பரீட்சைப் பேப்பரின் கதையை அன்றுதான் அவிழ்த்துச் சொன்னேன். பினாங்கில் வந்த பார்சலைக்கூட எடுத்துக் காட்டினேன். மச்சாள் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். நான் வெட்கத்தில் பொய் சொல்கிறேன் என்றுதான் அவர் முகம் சொன்னது. பிள்ளைகளை மட்டும் உற்றுப் பார்த்தார்.

“பெரியவள் நல்லா வாடிப்போனாள் ஸ்டெல்லா. காம்ப்பில போட்டு வச்சிருந்தவங்களோ?”

எனக்குக் கோபம் வந்தது. கடற்கரையும் மலையும் மியூசியமும் காட்டி வளர்த்த பிள்ளை என்று படபடவென்று பொரிந்தேன். மச்சாள் மிதுனாவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விட்டார்.

ஒரு பக்கக் கட்டுரை

பாடசாலை வாங்குக்குத் திரும்புவோம். கிளார்க் மிஸ் வெளியே வந்து, பிள்ளை ஒரு சின்ன டெஸ்ட் எழுதட்டும் என்றார். வந்திருந்த நான்கு பிள்ளைகளையும் ஒரு வகுப்பறைக்குள் கூட்டிப் போனார்கள். கணக்கு பத்து, தமிழில் ஒரு கட்டுரை. போகும்போது மிதுனா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுதன் கவலைப்படவில்லை. நம் பிள்ளை கண்டதை எழுதினாலே போதும், மற்றப் பிள்ளைகள் காலி முகத்திடல் கடற்கரைக்கு அப்பால் போயிருக்கமாட்டார்கள் என்றார். பிறகு ஃபோனை எடுத்து ஜோர்ஜியாவில் வீடு பார்த்தார். ஒரு வருஷம் மிதுனா இங்கே படிக்கட்டும், ஆஃபிஸும் அதற்குள் மனம் மாறிவிடும் என்பது அவருடைய அடுத்த திட்டம். மலை தெரியும் பல்கனி ஒன்றை எனக்கும் காட்டினார். நானும் பார்த்தேன். நல்ல பல்கனி.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். உப அதிபர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேசையில் ஒரு பக்கம் எங்கள் விடுகைப் பத்திரம், மறுபக்கம் மிதுனாவின் விடைத்தாள். மிதுனா கதவோரம் நின்றாள். கணக்கில் பிழை இல்லை என்று சொல்லிவிட்டு, கட்டுரையை என் பக்கம் தள்ளினார். தலைப்பு எல்லாப் பள்ளிக்கூடத்திலும் எல்லாப் பிள்ளைகளும் எழுதும் தலைப்பு. நான் தென்னைமர நிழலில் சொல்லிக் கொடுத்த அதே உருண்டை எழுத்தில் இருந்தது.

‘எனது சிநேகிதி. எனக்குப் பல சிநேகிதிகள் உள்ளனர். ஒருவரின் பெயர் லின். ஒருவரின் பெயர் புத்ரி. இன்னொருவரின் பெயர் மறந்துவிட்டது. அவருக்கு முன்பல் இல்லை. நாங்கள் ஓர் ஊரில் முப்பது நாட்கள் இருப்போம். முதல் பத்து நாட்கள் வெட்கமாக இருக்கும். அடுத்த பத்து நாட்கள் விளையாடுவோம். கடைசிப் பத்து நாட்கள் நான் விளையாடப் போவதில்லை. ஏனெனில் பிறகு கவலையாக இருக்கும். அம்மா கேட்டால் வயிற்றுவலி என்று சொல்வேன். அம்மா கொத்தமல்லி தருவார்.’

வேற்றுமை உருபுகள் எல்லாம் சரியாக இருந்தன. நான் இரண்டாம் முறை வாசித்தேன். பிறகு சுதனிடம் கொடுத்தேன். அவர் வாசித்து முடிக்க அதிக நேரம் எடுத்தார்.

உப அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இடம் தரலாம். எவ்வளவு நாளைக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

சுதன் வாய் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ எனக்குத் தெரியாது, இன்றுவரை கேட்கவும் இல்லை. நான் முந்திக்கொண்டு, ஓ.எல். முடியுமட்டும், பதினோராம் ஆண்டு வரைக்கும் என்றேன். அப்போது கதவோரத்தில் இருந்து சத்தம் வந்தது.

“ஏ.எல். முடியுமட்டும்.”

நான் சொன்னதைவிட இரண்டு வருஷம் கூட. காலையிலிருந்து மிதுனா பேசியது அது ஒன்றுதான். உப அதிபர் சிரிக்கவில்லை. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். வழிப்பயணப் பள்ளியின் விடுகைப் பத்திரம் தேவையில்லை, பழைய பாடசாலையில் ஒரு கடிதம் வாங்கித் தந்தால் போதும் என்று சுதனிடம் திருப்பிக் கொடுத்தார். எங்கள் அதிபர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். விடைத்தாளை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஃபைலில் போடவேண்டிய தாள்தான், ஆனாலும் கொண்டுபோங்கோ என்றார்.

ஓட்டோவில் ஏறியதும் மச்சாளிடமிருந்து ஃபோன் வந்தது. அட்மிஷன் விஷயமாகப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவருக்கு வாயில் வந்தது பழைய கேள்விதான்.

“பேப்பர் கிடைச்சதோ?”

என் கைப்பைக்குள் இரண்டு பேப்பர் இருந்தன, அனுமதிக் கடிதமும் விடைத்தாளும். பக்கத்தில் மிதுனா ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி இருந்தாள். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

“ஓம் மச்சாள். பெரியவளுக்குக் கிடைச்சிட்டுது.”

“அப்ப இனித் திருப்பி அனுப்பமாட்டாங்கள்தானே?”

இந்தத் தடவை நான் அவரைத் திருத்தவில்லை.

“இல்லை மச்சாள். இனி அவளை ஒருத்தரும் அனுப்பேலாது.”